இரவில் பழத்தைக் குத்தும் ஆரஞ்சுச் சிறகு அந்துப்பூச்சி: கடையம் பக்கம் யாருக்காவது அனுபவம் உண்டா?

கடையம்_தோட்டம்
வணக்கம். கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்குச் சின்னத் தோட்டம் ஒன்று இருக்கிறது. கொய்யா 60 மரம், ஓடைக்கரையை ஒட்டிச் சாத்துக்குடி 25, கிணற்றடியில் கொஞ்சம் மாதுளை. ஆவணிக் கடைசியில் இரண்டு மழை பெய்ததிலிருந்து தினமும் காலையில் மரத்தடியில் பழம் விழுந்து கிடக்கிறது. அணில் கடித்தது போல இல்லை, கிளி கொத்தியது போலவும் இல்லை. முழுப் பழம், மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கையில் எடுத்து உருட்டினால் குண்டூசியால் குத்தியது போல ஒரு ஓட்டை, அதைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வட்டம். அந்த இடத்தை அமுக்கினால் சாறு பீச்சி அடிக்கிறது, புளித்த வாடை வேறு.

மருந்துக்கடையில் கேட்டேன், ஒரு மருந்து கொடுத்தார்கள். இரண்டு முறை அடித்தாயிற்று. பழம் விழுவது கொஞ்சமும் குறையவில்லை. பறிக்கப் போகிற பழத்தில் இப்படி விஷத்தை அடிப்பதும் மனசுக்குச் சரியாகப் படவில்லை, வீட்டுப் பிள்ளைகளும் அதைத்தான் தின்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புளியங்குடி_எலுமிச்சை
அண்ணாச்சி, முதலில் விழுந்த பழத்தில் பத்தைப் பிளந்து பாருங்க. உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈ. கொய்யாவில் அதுதான் அதிகம். மெத்தில் யூஜினால் பொறி கட்டினால் ஆண் ஈக்கள் வந்து விழும். நான் எலுமிச்சைக்காரன்தான் என்றாலும் வரப்போரம் கொய்யா வைத்துப் பட்டிருக்கிறேன்.

கடையம்_தோட்டம்
பிளந்து பார்த்துவிட்டேன் தம்பி. பத்தில் இரண்டில்தான் புழு இருந்தது. மற்ற எட்டிலும் புழு இல்லை, ஓட்டைக்கு நேர் கீழே சதை பஞ்சு போல வறண்டு கிடக்கிறது, யாரோ உறிஞ்சி எடுத்த மாதிரி. பொறியும் 6 கட்டியிருக்கிறேன், ஈ விழுகிறது, ஆனால் இந்த ஓட்டை நிற்கவில்லை.

நேற்று ராத்திரி மோட்டாரை நிறுத்தப் போனபோது டார்ச் வெளிச்சத்தில் ஒரு சாத்துக்குடியில் கங்கு மாதிரி சிவப்பாக இரண்டு புள்ளி மின்னியது. கிட்டே போய்ப் பார்த்தால் உள்ளங்கையை அடைக்கிற அளவு பூச்சி, காய்ந்த இலை ஒன்று பழத்தில் ஒட்டியிருப்பது போல. தொட்டதும் சிறகை விரித்தது பாருங்கள், உள்சிறகு முழுக்க நல்ல ஆரஞ்சு, மேலே கறுப்பு. அப்படியே பறந்துபோய்விட்டது. பக்கத்து மரத்தில் இன்னும் மூன்று இருந்தன. இது என்ன பூச்சி? இதுதான் ஓட்டை போடுகிறதா, இல்லை ஓட்டை போட்ட பழத்தில் வந்து குடிக்கிறதா?

பாளை_பூச்சிநோட்டு
அண்ணாச்சி, பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். ராத்திரி தோட்டத்துக்குள் போய்ப் பார்க்காதவரை இந்தப் பூச்சி யார் கண்ணிலும் படாது. இது பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. யூடோசிமா என்பது பேரினப் பெயர், பழைய விவசாயப் புத்தகங்களில் ஓத்ரெயிஸ் என்று இருக்கும். நம் பக்கம் முக்கியமாக இரண்டு உண்டு. மாட்டெர்னா, ஃபலோனியா. ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1763இல் ஃபலோனியாவுக்கும் 1767இல் மாட்டெர்னாவுக்கும் பெயர் வைத்தார். ஃபலோனியா ஆப்பிரிக்காவில் தொடங்கி ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரைக்கும் வெப்ப நாடுகள் எல்லாவற்றிலும் பரவியிருக்கிறது.

சிறகை விரித்தால் 8 முதல் 10 செ.மீ. வரை இருக்கும். முன்சிறகு பழுப்பு, சிலவற்றில் பச்சை கலந்திருக்கும், காய்ந்த இலையின் நரம்பு போலக் கோடு ஓடும். உட்காரும்போது கூரை போல மடித்துக்கொள்ளும், அப்போது ஆரஞ்சு தெரியவே தெரியாது. பகலில் நீங்கள் அதன் பக்கத்திலேயே நின்றாலும் சருகு என்றுதான் நினைப்பீர்கள். சீண்டினால் பின்சிறகைப் பளிச்சென்று காட்டும். பல்லியோ பறவையோ அதில் ஒரு நொடி திகைத்தாலே போதும், தப்பித்துவிடும்.

இனம் பிரிக்க அந்தப் பின்சிறகைத்தான் பார்க்க வேண்டும். ஆரஞ்சின் நடுவே வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு இருந்தால் மாட்டெர்னா. பொட்டுக்குப் பதில் கமா போல, வளைந்த பட்டையாகக் கறுப்பு இருந்தால் ஃபலோனியா. இரண்டுக்கும் ஓரத்தில் கறுப்புக் கரை உண்டு, அதில் வெள்ளைப் புள்ளிகள்.

அப்புறம் நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி. ஓட்டை போடுவது இதுதான். பொதுவாக அந்துப்பூச்சிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உறிஞ்சுகுழல் மெல்லியது, பூவுக்குள் விட்டுத் தேன் குடிக்க மட்டும்தான் ஆகும். இதற்கு அந்தக் குழல் கிட்டத்தட்ட ஓர் அங்குல நீளம், நுனி கெட்டிப்பட்டு ஊசி போல இருக்கும், அதில் பற்களும் பின்பக்கம் சாய்ந்த முட்களும் உண்டு. குழல் இரண்டு பாதிகள் சேர்ந்தது. அந்த இரண்டு பாதியையும் மாற்றி மாற்றி முன்னும் பின்னும் தள்ளும், அது ரம்பம் இழுப்பது போலத் தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். சாத்துக்குடித் தோல் எவ்வளவு தடிமன், அதையே துளைத்துவிடும்.

அது குடிப்பது கொஞ்சம்தான். பழத்தைக் கெடுப்பது அந்த ஓட்டை வழியாகப் போகிற பூஞ்சையும் பாக்டீரியாவும். குழல் பலமில்லாத வேறு அந்துப்பூச்சிகளும் அதே ஓட்டையைத் தேடி வந்து குடிக்கும். அதனால்தான் ஒரு பழத்தில் நாலைந்து பூச்சி மொய்ப்பதைப் பார்க்கலாம், எல்லாமே குற்றவாளி கிடையாது.

கடையம்_தோட்டம்
ரொம்ப நன்றி தம்பி. இன்றைக்கு ஒன்றைத் துணியால் அமுக்கிப் பிடித்துப் பார்த்தேன். வட்டப் பொட்டு, ஓரத்தில் கறுப்புக் கரை. மாட்டெர்னாதான்.

அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "ஏலே அதைத் தொடாத, அந்தத் தூளு கண்ணுல பட்டா கண்ணு போயிரும்" என்று ஒரே சத்தம். மகனும் பயந்துபோய்த் தள்ளி நின்றான். இதில் ஏதும் ஆபத்து உண்டா?

சென்னைவாசி_நெல்லைக்காரன்
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ரத்தம் குடிக்கிற அந்துப்பூச்சி என்று ஒரு வீடியோ பார்த்தேன், அதுவும் இதே போல இலை மாதிரித்தான் இருந்தது. பழத்தையே துளைக்கும் என்றால் தோலைத் துளைக்காதா? இன்னொன்று, சின்ன வயதில் எங்கள் ஊரில் (விக்கிரமசிங்கபுரம்) முதுகில் மண்டையோடு போட்ட பூச்சி ஒன்று விளக்கடியில் வரும், பிடித்தால் எலி மாதிரிக் கீச்சிடும். அதுவும் இந்தக் குடும்பமா?

பாளை_பூச்சிநோட்டு
மூன்றும் வேறு வேறு.

நீங்கள் வீடியோவில் பார்த்தது கலிப்ட்ரா என்ற பேரினம். யூடோசிமாவுக்கு நெருங்கிய சொந்தம்தான், அதுவும் பழம் துளைப்பதே. அதில் சில இனங்களின் ஆண் பூச்சிகள் மட்டும் மாடு, மான் போன்ற மிருகங்களின் தோலில் குத்தி ரத்தம் குடிக்கும். 1960களில் ஹான்ஸ் பான்சிகர் என்ற சுவிஸ் ஆய்வாளர் மலேசியாவில் இதைக் கண்டுபிடித்தார். பழத்தோலைக் குத்தப் பழகிய குழல்தான் பிறகு மிருகத் தோலுக்கும் போயிருக்கும் என்பது அவர்கள் கருத்து. உங்கள் தோட்டத்தில் இருக்கும் யூடோசிமா மனிதனைக் கடிக்காது, குத்தாது. நான் எத்தனையோ தடவை கையில் ஏற்றி வைத்திருக்கிறேன்.

மண்டையோட்டுப் பூச்சி அக்கரான்டியா. அது முக்கியமாகத் தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் குடிக்கும். அதன் குழல் குட்டையாகத் தடித்திருக்கும், அடையின் மெழுகு மூடியைக் குத்த அது போதும். புழு எள்ளிலும் கத்தரியிலும் இருக்கும், பச்சையோ மஞ்சளோ வாலில் ஒரு கொம்போடு. எள் போடுகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

சிறகுத் தூள் என்பது சின்னச் சின்னச் செதில்கள்தான். கண்ணில் பட்டால் எந்தத் தூசியும் போல உறுத்தும், கழுவினால் சரியாகிவிடும். கண் போகாது. அம்மாவிடம் சொல்லுங்கள், மகனையும் தைரியமாகப் பார்க்க விடுங்கள்.

அம்பை_மாடித்தோட்டம்
புழு எங்கே இருக்கிறது என்று யாருமே கேட்கவில்லையே. நான் இதை வளர்த்தே பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வேம்பில் ஏறியிருந்த சீந்தில் கொடியில் ஒரு புழு. வெல்வெட் துணி போலக் கருத்த உடம்பு, பக்கத்துக்கு இரண்டாகக் கண் மாதிரி வட்டம், மஞ்சளும் வெள்ளையும் கலந்து. தொட்டவுடன் தலையை உள்ளே மடக்கி முதுகை வளைத்தது, அப்போது அந்தக் கண்கள் இரண்டும் நம்மையே முறைப்பது போல இருந்தது. என் மகள் பாம்புக்குட்டி என்று அலறிவிட்டாள். முதலில் நான் அரளிச் செடிப் புழுதான் சீந்திலில் ஏறிவிட்டது என்று நினைத்தேன், அதற்கும் கண் உண்டு. ஆனால் அரளிப் புழு பச்சை, வாலில் கொம்பு இருக்கும். இதற்குக் கொம்பு இல்லை, பின்பக்கம் ஒரு திமில் மட்டும்.

பெரிய பாட்டிலில் போட்டுச் சீந்தில் இலை கொடுத்தோம். கொய்யா இலை வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முருங்கை, எலுமிச்சை இலையும் வைத்துப் பார்த்தோம், தொடவில்லை. பட்டினி கிடந்தது, மறுபடி சீந்தில் வைத்ததும் கரகரவென்று தின்றது. விரல் நீளம் வளர்ந்த பிறகு இரண்டு மூன்று இலையைப் பட்டு நூலால் தைத்து அதற்குள் கூட்டுப்புழு ஆனது. இரண்டு வாரம் போல ஆகியிருக்கும், ஒருநாள் காலையில் பார்த்தால் ஆரஞ்சு சிறகோடு பூச்சி.

அண்ணாச்சி, இதில் உங்களுக்கு ஒரு விஷயம் இருக்கிறது. மற்ற பயிரில் எல்லாம் புழுதான் தின்று கெடுக்கும், அந்துப்பூச்சி தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும். இதில் தலைகீழ். புழு உங்கள் மரத்தில் இல்லவே இல்லை. நீங்கள் கொய்யா இலையில் எத்தனை தடவை மருந்தடித்தாலும் இந்தப் பூச்சிக்கு அது தெரியாது. அது இலையைத் தின்பதில்லை, ராத்திரி வந்து உட்கார்ந்து பழத்துக்கு உள்ளேயிருந்து குடித்துவிட்டுப் போகிறது.

கடையம்_தோட்டம்
அக்கா, இதைப் படித்துவிட்டு ஓடைக்கரைக்குப் போனேன். உடைமரம் முழுக்கச் சீந்தில் கொடிதான், மேலேயிருந்து நூல் நூலாக விழுது தொங்குகிறது. இத்தனை வருடம் இருக்கிறது, ஒருநாள் கூட இலையைத் திருப்பிப் பார்த்ததில்லை. மூன்று புழு பார்த்தேன். மருந்துக்குப் போன காசை நினைத்தால் வயிறு எரிகிறது.

புளியங்குடி_எலுமிச்சை
அப்படியானால் விஷயம் முடிந்தது. ஜேசிபி விட்டு ஓடைக்கரையைச் சுத்தமாக வழித்துவிடுங்கள் அண்ணாச்சி. விவசாயத் துறை பரிந்துரையிலும் தோட்டத்தைச் சுற்றியுள்ள சீந்தில் போன்ற களைக்கொடிகளை அழிக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் நான் அப்படித்தான் செய்தேன்.

மூலிகை_வீட்டுப்பிள்ளை
தம்பி, அவசரப்பட்டு வழிக்கச் சொல்லாதீர்கள். சீந்தில் எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக மருந்துக்கு எடுக்கிற கொடி. முற்றிய தண்டை இடித்துத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்துச் சீந்தில் சர்க்கரை (அடியில் படியும் மருந்து மாவு) எடுப்பது எவ்வளவு வேலை தெரியுமா? தடித்த கொடியாக வர வருடக்கணக்காகும். ஒருநாள் மெஷினில் போய்விடும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். அவர் தோட்டத்துக்கு மேற்கே என்ன இருக்கிறது? களக்காடு முண்டந்துறைக் காடு. அங்கே சீந்தில், கட்டுக்கொடி, வட்டத்திருப்பி, காக்காய்க்கொல்லி என்று இந்தக் குடும்பத்துக் கொடி அத்தனையும் கிடக்கிறது. அதை யார் வழிப்பது, வழிக்கவும் கூடாது. கட்டுக்கொடி என்றால் தெரியாதவர்களுக்கு: இலையைத் தண்ணீரில் கசக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஜெல்லி போல உறைந்துவிடும், சின்னப் பிள்ளைகள் விளையாடுவார்கள். அந்தக் கொடியிலும் இந்தப் புழு இருக்கும்.

பாளை_பூச்சிநோட்டு
இரண்டு பேர் சொல்வதும் பாதிப் பாதி சரி. என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன், நான் வழிப்பதற்கு எதிர்.

காரணம், இந்தப் பூச்சி பலமாகப் பறக்கும். பல கிலோமீட்டர் தாண்டிப் பழ வாசனையைத் தேடி வரும். சமவெளியில், காடு எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், வேலியில் இருக்கிற நாலு கொடியை எடுத்தால் ஓரளவு பலன் இருக்கலாம். புளியங்குடி அண்ணனுக்கு அப்படிப் பலித்திருக்கும். கடையம் மலையடிவாரத்தில் ஓடைக்கரையை வழித்தால் கொடி போகும், கரை போகும், அடுத்த ஐப்பசி மழையில் மண்ணும் போகும், பூச்சி மட்டும் மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டே இருக்கும். அதோடு இதன் முட்டையைத் தாக்கி அழிக்கிற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளும் அந்தக் கொடியில்தான் வாழ்கின்றன. கொடியை அழித்தால் அவையும் போகும்.

பசிபிக் தீவுகளில் இதே ஃபலோனியாவின் புழு கல்யாண முருங்கையைத் தின்கிறது. அங்கே யாராவது ஊரிலுள்ள கல்யாண முருங்கையை எல்லாம் வெட்டி முடிக்க முடியுமா? பழத்தைப் பாதுகாப்பதுதான் வழி. பழம் காய்ப்பருவம் தாண்டும்போதே உறை போடுங்கள். விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கித் தோட்டத்துக்கு வெளியே குழியில் போட்டு மூடுங்கள், புளித்த வாடைதான் இன்னும் கூட்டி வரும். பொழுது அடைந்ததும் காற்று வரும் பக்கமாகப் புகை போடுங்கள், பழ வாசனை கலைந்துவிடும். விளக்குப் பொறிக்குச் செலவு பண்ண வேண்டாம், இது மற்ற விட்டில் போல விளக்கில் வந்து அதிகம் விழாது. ஜப்பானில் தோட்டத்தில் மஞ்சள் விளக்கை இரவு முழுக்க எரியவிட்டு இதைத் தடுக்கிறார்கள், வெளிச்சத்தில் பகல் என்று நினைத்து அடங்கிவிடும். நமக்கு அந்த மின்சாரச் செலவு கட்டாது.

புளியங்குடி_எலுமிச்சை
சரி தம்பி, மண் அரிப்பு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. எங்கள் தோட்டம் ரோட்டோரம், ஓடை கிடையாது. ஆனால் 60 மரத்துக்கும் உறை போட ஆள்கூலி என்ன ஆகும் என்று சொல்லாமல் உறை போடுங்கள் என்று எழுதுவது சுலபம். வெல்லப்பாகில் மாலத்தியான் கலந்து வைக்கிற விஷப்பொறியும் பரிந்துரையில் உண்டே?

கடையம்_தோட்டம்
விஷப்பொறி வேண்டாம் தம்பி. வெல்லம் என்றால் தேனீயும் வரும், ஆடும் நாயும் நக்கும். கூலி நீங்கள் சொல்வது உண்மை. அதனால் எல்லா மரத்துக்கும் போடவில்லை. கொய்யாவில் கைக்கு எட்டுகிற கிளைக்கு மட்டும், மாதுளைக்கு முழுக்க. அம்மாவும் மனைவியும் நானும் சாயங்காலம் உட்கார்ந்து பழைய செய்தித்தாளில் பை ஒட்டினோம். சாத்துக்குடிக்கு வலை போர்த்தினேன்.

கடையம்_தோட்டம்
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மாதுளையில் விழுவது நன்றாகக் குறைந்துவிட்டது. தினமும் பொறுக்குவதாலும் கொஞ்சம் பலன் தெரிகிறது. ஆனால் வலை போட்ட சாத்துக்குடியில் ஓட்டை நிற்கவில்லை. ராத்திரி 8 மணிக்குப் போய்ப் பார்த்தால் பூச்சி வலைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது, வலை பழத்தோடு ஒட்டியிருக்கிற இடத்தில் கண்ணி வழியாகக் குழலை விட்டுக் குடிக்கிறது.

அம்பை_மாடித்தோட்டம்
வலை பழத்தைத் தொடக்கூடாது அண்ணாச்சி. மூங்கில் கழியை நட்டு, பந்தல் போல எழுப்பி அதன் மேல் போர்த்த வேண்டும். பையும் அப்படித்தான், பழத்தை இறுக்கிக் கட்டினால் காகிதத்தையும் சேர்த்துக் குத்திவிடும். தளர்வாக, காற்று நிற்கிற மாதிரி விடுங்கள். அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டையும் வேண்டும்.

மூலிகை_வீட்டுப்பிள்ளை
ஓடைக்கரைக் கொடி என்ன ஆயிற்று?

கடையம்_தோட்டம்
வழிக்கவில்லை. தோட்டத்துக்குள் கிணற்றுச் சுவரிலும் மோட்டார் அறையிலும் ஏறியிருந்ததை மட்டும் எடுத்தேன். எடுத்த தண்டை வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், நல்ல தடிமனான கொடி. கரையில் இருப்பது அப்படியே இருக்கிறது. மூங்கிலும் வாங்கிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை பந்தல் போடுகிறோம்.

மகன் ஒரு புழுவைக் கொண்டுவந்து அக்கா சொன்னபடி பாட்டிலில் வளர்த்தான். நேற்றுக் காலையில் பூச்சி வெளியே வந்து சிறகு காய்ந்து உட்கார்ந்திருந்தது. ராத்திரி கொசுவலைக்குள் அதை விட்டு ஒரு நல்ல கொய்யாவைத் தொங்கவிட்டோம். விளக்கை அணைத்துவிட்டுச் சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சில் பார்த்தோம். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பழத்தின் மேல் ஏறி நடந்தது, குழலை நீட்டி இங்கே அங்கே தட்டிப் பார்த்தது, ஓரிடத்தில் ஊன்றித் தலையை ஆட்ட ஆரம்பித்தது. உடம்பு முழுக்க அந்த ஆட்டத்தில் குலுங்கியது. குழல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, கடைசியில் முகம் தோலில் முட்டும் வரைக்கும் போய்விட்டது. பிறகு அசையவே இல்லை. நாற்பது நிமிடத்துக்கு மேல் அப்படியே குடித்தது. அம்மா கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரைக்கும் பார்த்தார்கள், கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் அந்தப் பழத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு ஓட்டை. சாயங்காலத்துக்குள் அதைச் சுற்றிப் பழுப்பு வட்டம் விழுந்துவிட்டது.